தக்காளியில் ஒரு மரபணுவின் வேலையை அறிய: அடக்கிப் பார்ப்பதா, திருத்திப் பார்ப்பதா?

பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளி வாங்க வரும் வியாபாரி பழத்தின் நிறத்தில் மயங்குவதில்லை. கிரேட்டின் அடியிலிருந்து ஒரு பழத்தை உருவி எடுத்து, காம்புக்குப் பக்கத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பார். விரல் அமுங்கினால் விலையும் அமுங்கும். என்னிடம் முதுகலை படிக்கும் மாணவி ஒருத்தியின் அப்பா பல வருடங்களாக அந்தக் கட்டைவிரலுக்குப் பயந்தபடியே தக்காளி போடுகிறார். "இன்னும் இரண்டு நாள் தாங்குகிற பழம் கிடைத்தால் போதும் வாத்தியாரே, மற்றதை நான் பார்த்துக்கொள்வேன்" என்று ஒருமுறை சொன்னார்.

மகள் அதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்டுவிட்டாள். பழம் இளகுவதில் பங்கு இருக்கலாம் என்று சந்தேகப்படத்தக்க ஒரு மரபணுவையும் தேர்ந்தெடுத்துவிட்டாள். அது பெரிய வேலை இல்லை. தக்காளியின் முழு மரபணுத் தொகுதி 2012-இல் வெளியானது. சுமார் 35,000 மரபணுக்களின் பட்டியல் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதால் ஒருவர் என்ன தொழில் செய்கிறார் என்று தெரிந்துவிடுமா? மரபணுவும் அப்படித்தான். அது இல்லாமலோ குறைவாகவோ இருந்தால் செடிக்கு என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் அதன் வேலை புரியும்.

"கிறிஸ்பரால் வெட்டிவிடலாமா சார்?" என்றுதான் அவள் ஆரம்பித்தாள். வருடா வருடம் யாராவது ஒருவர் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். கிறிஸ்பர் என்பது மரபணுவையே வெட்டித் திருத்தும் முறை. 2020-இல் வேதியியல் நோபல் பரிசு அதற்குக் கிடைத்ததிலிருந்து, மற்ற முறைகளெல்லாம் பழைய சாமான் என்ற எண்ணம் மாணவர்களிடம் வேர்விட்டிருக்கிறது. அவளிடம் இருந்ததோ எட்டு மாதம், ஒரே ஒரு வளர்ப்பு அறை, பகிர்ந்துகொள்ளும் ஒரு திசு வளர்ப்புக் கூடம். அவளிடம் நான் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

மரபணுவை சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும் மூலப் பத்திரமாக நினைத்துக்கொள்ளுங்கள். செல் மூலத்தை வெளியே எடுப்பதே இல்லை. வேண்டும்போதெல்லாம் நகல் எடுக்கிறது. அந்த நகல்தான் தூது ஆர்.என்.ஏ. அதைப் படித்துத்தான் புரதம் உருவாகிறது. மரபணுவை அடக்கும் முறை நகல்களைப் பிடித்துக் கிழிக்கிறது; மூலத்தில் ஓர் எழுத்தும் மாறுவதில்லை. திருத்தும் முறை அலுவலகத்துக்குள் புகுந்து மூலப் பத்திரத்திலேயே கை வைக்கிறது. கிழிப்பவன் எவ்வளவு வேகமாகக் கிழித்தாலும் நான்கைந்து நகல் தப்பித்துப் போய்விடும். மூலத்தையே கெடுத்துவிட்டால் அதன்பின் எடுக்கும் நகல் எல்லாமே கெட்டதாகத்தான் இருக்கும், அடுத்த தலைமுறையிலும்.

அடக்கும் முறை பிறந்த கதை வேடிக்கையானது. 1990-இல் பெட்டூனியா பூவின் ஊதா நிறத்தை இன்னும் அடர்த்தியாக்க நினைத்து, நிறமி மரபணுவைக் கூடுதலாக ஒன்று செடிக்குள் புகுத்தினார்கள். சில செடிகளில் பூ வெள்ளையாகப் பூத்தது. புதிய மரபணு பழையதையும் சேர்த்து வாயடைத்துவிட்டது. 1998-இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் ஒரு நுண்புழுவில் காரணத்தைக் கண்டார்கள்: இரட்டை இழை ஆர்.என்.ஏ. உள்ளே போனால் செல் அதைச் சந்தேகப் பொருளாக எடுத்துக்கொள்கிறது. டைசர் என்ற நொதி அதைச் சிறு துண்டுகளாக நறுக்குகிறது. அந்தத் துண்டை அடையாளச் சீட்டுபோலக் கையில் வைத்துக்கொண்டு ஆர்கோநாட் என்ற புரதம் அதே எழுத்து வரிசையுள்ள தூது ஆர்.என்.ஏ.க்களைத் தேடிப்பிடித்து வெட்டுகிறது. எட்டே ஆண்டில், 2006-இல், இருவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது.

செடிகளுக்கு இது வைரஸை எதிர்க்கும் ஆயுதம். அந்த ஆயுதத்தைத்தான் நாம் இரவல் வாங்குகிறோம். தக்காளியில் பெரும்பாலும் பயன்படுவது புகையிலை ராட்டில் வைரஸ். அதன் மரபுப்பொருள் இரண்டு பாகமாக இருக்கிறது. இரண்டாவது பாகத்தில் நமக்கு வேண்டிய மரபணுவிலிருந்து சுமார் 300 எழுத்து நீளமுள்ள துண்டு ஒன்றைச் செருகிவிட வேண்டும். இரண்டு பாகங்களையும் அக்ரோபாக்டீரியத்தில் (செடிக்குள் டி.என்.ஏ.வைக் கடத்தும் மண் பாக்டீரியா அது) தனித்தனியாக ஏற்றி, வளர்த்து, கலந்து, ஊசி நீக்கிய சிரிஞ்சால் நாற்றின் விதையிலையில் அடிப்பக்கமாக அழுத்தினால் முடிந்தது. நீர் ஊறிய கரும்பச்சைத் திட்டு இலையில் பரவுவது கண்ணுக்கே தெரியும். செடி தன் வைரஸை அழிக்கிறேன் என்று கிளம்பி, வைரஸுக்குள் நாம் ஒளித்துவைத்த தன் சொந்த மரபணுவின் நகல்களையும் சேர்த்து அழித்துக்கொள்கிறது.

இதில் கட்டாயம் வைக்க வேண்டிய ஒரு சாட்சிச் செடி இருக்கிறது. பி.டி.எஸ். என்ற மரபணுவை அடக்கிய செடி. இந்த மரபணு இல்லாவிட்டால் கரோட்டினாய்டு நிறமிகள் உருவாகாது. அவை இல்லாத இலையில் பச்சையம் வெயிலுக்குத் தாங்காமல் எரிந்துபோகும். இரண்டு மூன்று வாரத்தில் புது இலைகள் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்து வரும். வெளுத்தால் உங்கள் கை சரி, வெப்பம் சரி, வைரஸ் பரவியிருக்கிறது. வெளுக்காவிட்டால் மற்ற தொட்டிகளில் அளவெடுப்பது வீண்.

வெப்பம் என்று சொன்னேன் அல்லவா, நான் பட்டது அதில்தான். இந்த வைரஸ் முறைக்கு 20 டிகிரியை ஒட்டிய குளுமை பிடிக்கும். தக்காளியில் வெப்பமும் ஈரப்பதமும் குறைந்தால் அடக்கம் இன்னும் நன்றாகப் பிடிக்கிறது. தருமபுரிச் சித்திரை மாதம் அதற்கு நேர் எதிர். ஒரு வருடம் சனி, ஞாயிறு விடுமுறையில் மின்சாரம் போய், வளர்ப்பு அறை தானாக மறுபடி ஓடாமல் நின்றுவிட்டது. திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தபோது அடுப்படி அனல். செடிகள் சாகவில்லை, செழிப்பாகவே நின்றன. ஆனால் வெளுத்துக்கொண்டிருந்த சாட்சிச் செடியில் அடுத்து வந்த இலைகள் பச்சைப்பசேல் என்று வந்தன. அடக்கம் தளர்ந்துவிட்டது. அந்தத் தொகுதி முழுவதையும் மூட்டைகட்டி ஆட்டோகிளேவில், அதாவது அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் கலத்தில், போட்டேன். ஓசூர்ப் பக்கம் ஆய்வகம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை கொஞ்சம் குறைவு. நமக்கு மார்கழியில் தொடங்கிவிடுவது நல்லது.

பழத்துக்கு நாற்றில் போடும் ஊசி போதாது. பிஞ்சாக இருக்கும்போதே காம்பில் ஊசி போட வேண்டும். பலன் பார்க்க அழகாக இருக்கும்: பழுக்கத் தூண்டும் மரபணு ஒன்றை அடக்கினால் ஒரே பழத்தில் ஒரு பக்கம் சிவந்தும் மறு பக்கம் பச்சையாகவும் நிற்கும். அழகு என்றேன், அளவெடுக்கிறவனுக்கு அதுவே தலைவலி. எந்தத் துண்டை வெட்டி அரைத்தோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். சிவந்த பாகத்தையும் பச்சைப் பாகத்தையும் தனித்தனியாக எடுத்து ஒப்பிட்டால், ஒரே காயில் நோயாளியும் ஆரோக்கியமானவரும் கிடைத்த மாதிரி. கலந்து அரைத்தால் இரண்டும் கெட்டது.

மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இன்னொன்று. அடக்கம் நடந்ததா என்று பி.சி.ஆர். மூலம், அதாவது குறிப்பிட்ட துண்டைப் பெருக்கி எண்ணும் சோதனை மூலம் அளக்கும்போது, பெருக்க வேண்டிய இடத்தைக் குறிக்கும் பிரைமர் என்ற சிறு துண்டை வைரஸில் செருகிய அதே 300 எழுத்துக்குள் வைத்துவிடுவார்கள். வைரஸ் செடி முழுக்கப் பெருகி அந்தத் துண்டைச் சுமந்துகொண்டு திரிகிறது. விளைவு, மரபணு அடங்குவதற்குப் பதிலாகப் பல மடங்கு கூடியதாகக் காட்டும். பிரைமர் செருகிய துண்டுக்கு வெளியே இருக்க வேண்டும். இது பாடப்புத்தகத்தின் நடுவில் ஒரு வரியாகத்தான் இருக்கும்; ஆய்வேட்டின் ஒரு மாதத்தை விழுங்கிவிடும்.

அடக்கும் முறையின் பெரிய பலவீனம் ஒன்று உண்டு. செடியில் மாற்றம் தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் என்ன முடிவுக்கு வருவது? மரபணுவுக்கு அந்த வேலை இல்லையா, மிச்சமிருந்த கொஞ்சம் நகலே போதுமானதாக இருந்ததா? பதில் சொல்ல முடியாது. கூடவே, துண்டின் எழுத்து வரிசை சகோதர மரபணுக்களோடு ஒத்துப்போனால் அவையும் அடங்கும். சில சமயம் அது வரமாகவே அமையும். ஒரே வேலையைச் செய்யும் மூன்று சகோதரர்களை ஒன்றாக அடக்கினால்தான் விளைவு வெளிப்படும் என்றால், அடக்கும் முறை ஒரே ஊசியில் அதைச் செய்துவிடும்.

இனி கிறிஸ்பர். சார்பென்டியரும் டவுட்னாவும் 2012-இல் வெளியிட்ட முறை. அடுத்த ஆண்டே செடிகளில் வேலை செய்தது. 20 எழுத்து நீளமுள்ள வழிகாட்டி ஆர்.என்.ஏ. ஒன்று, கேஸ்9 என்ற வெட்டும் புரதம் ஒன்று. வெட்ட வேண்டிய இடத்தை ஒட்டி இரண்டு ஜி எழுத்துகள் சேர்ந்து இருக்க வேண்டும் என்பது கேஸ்9 போடும் நிபந்தனை. அது டி.என்.ஏ.வின் இரு இழைகளையும் வெட்டும். செல் அவசரமாக ஒட்டும். ஒட்டும்போது ஓரிரு எழுத்து கூடும் அல்லது குறையும். மரபணு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவதால், ஓர் எழுத்து நகர்ந்தாலே அதன்பின் வருவதெல்லாம் உளறல். ஆனால் சரியாக மூன்று எழுத்து போய்விட்டால்? புரதத்தில் ஒரு கண்ணி மட்டும் குறையும். மற்றது எல்லாம் நலமாக இயங்கலாம். வெட்டு விழுந்துவிட்டது என்று மகிழ்ச்சியோடு ஓடிவரும் மாணவனிடம் நான் முதலில் கேட்பது "எத்தனை எழுத்து?" என்றுதான்.

திருத்தும் முறையை ஏன் விட்டுவிட முடியாது என்பதற்கு தக்காளியே ஒரு பாடம் வைத்திருக்கிறது. ரின் என்று ஒரு இயற்கை மாறுதல் உண்டு. அந்தச் செடியின் காய் பழுக்கவே பழுக்காது. வாரக்கணக்கில் வெளிர்ப்பச்சையாக உட்கார்ந்திருக்கும். 2002-இல் அதற்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். மரபணு கெட்டிருக்கிறது, பழுக்கவில்லை. ஆகவே பழுப்பதைத் தொடங்கிவைக்கும் சாவி இதுதான் என்று எழுதினார்கள், நாங்களும் வகுப்பில் அப்படியே நடத்தினோம். 2017-இல் ஜப்பானியக் குழு ஒன்று சாதாரணத் தக்காளியில் ரின் மரபணுவை கிறிஸ்பரால் அடியோடு கெடுத்தது. காய் பழுக்கத் தொடங்கியது. முழுச் சிவப்பு வரவில்லை, ஆனால் தொடங்கியது. அதைவிடப் பெரிய அடி: பழுக்காத அந்த இயற்கை மாறுதல் செடியிலேயே கெட்ட மரபணுவை மேலும் கெடுத்தபோது, பழுக்காத காய் நிறம் மாறத் தொடங்கியது!

காரணம், அந்த மாறுதலில் மரபணு இல்லாமல் போகவில்லை. நடுவில் ஒரு துண்டு உதிர்ந்து, பக்கத்து மரபணுவோடு ஒட்டிக்கொண்டு, இரண்டும் கலந்த ஒரு விபரீதப் புரதத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தது. பழுப்பதைத் தடுத்தது அந்த ஒட்டுப் புரதம். பதினைந்து வருடம் நாம் இல்லாமையின் விளைவு என்று நினைத்தது, வேண்டாத ஒன்று இருந்ததன் விளைவு. முழுவதுமாக நீக்கிப் பார்த்தால்தான் இது வெளிவரும். நியாயமாகச் சொன்னால் 2018-இல் இன்னொரு குழு அந்த ஒட்டுப் புரதத்தை ஆர்.என்.ஏ. வழியில் அடக்கியும் இதே திசையில் விடை கண்டது. இரண்டு முறைகளும் ஒரே பக்கம் கை காட்டும்போதுதான் எனக்குத் தூக்கம் வரும்.

அப்படியானால் எடுத்த எடுப்பில் கிறிஸ்பர் போகலாமே என்றால், அதற்கும் தனிக் கோளாறு உண்டு. செடி சும்மா இருப்பதில்லை. தக்காளியின் வளர்நுனியில் குருத்துச் செல்களின் அளவைக் கட்டுப்படுத்தும் மரபணு ஒன்றை நிரந்தரமாகக் கெடுத்தால், அதன் சகோதர மரபணு துள்ளி எழுந்து வேலையின் ஒரு பகுதியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறது. அண்ணன் வெளிநாடு போனபின் தம்பி கடையைப் பார்த்துக்கொள்கிற மாதிரி. வெளியிலிருந்து பார்ப்பவர் கடைக்கு அண்ணன் தேவையே இல்லை என்று எழுதிவிடுவார். உயிருக்கே அவசியமான மரபணு என்றால் இன்னும் மோசம். கெடுத்த செடி முளைக்கவே முளைக்காது, எதை அளப்பது? அங்கெல்லாம் பாதி அடக்கம்தான் கைகொடுக்கும். கேஸ்9-இன் வெட்டும் பல்லைப் பிடுங்கிவிட்டு, மரபணுவின் வாசலில் போய் உட்காரவைத்து நகல் எடுப்பதையே தடுக்கும் முறையும் உண்டு. பெயரில் கிறிஸ்பர், குணத்தில் அடக்கம். தக்காளியில் முதல் முயற்சிக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

காலக் கணக்கு இன்னும் கசப்பானது. விதையிலைத் துண்டுகளை அக்ரோபாக்டீரியத்தோடு சேர்த்து வைத்து, ஊடகம் மாற்றி மாற்றி, தளிர் வந்து, வேர் வந்து, தொட்டிக்கு மாறிப் பூக்கவே பல மாதம். அந்த முதல் செடியில் ஒரு கிளையில் ஒரு திருத்தம், மறு கிளையில் வேறு திருத்தம் இருக்கக்கூடும். டி.என்.ஏ. எழுத்துகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் வரைபடத்தில் ஒரு சிகரத்தின் மேல் இன்னொரு சிகரம் ஏறி உட்கார்ந்திருக்கும். அதன் விதையை முளைக்கவைத்து, தாய்வழி, தந்தைவழி என்ற இரு மூலப் பிரதிகளிலும் ஒரே திருத்தம் உள்ள, வெட்டுவதற்காகப் புகுத்திய கேஸ்9 மரபணு உதிர்ந்துபோன செடியைப் பொறுக்கியெடுக்க இன்னொரு தலைமுறை. எல்லாம் நன்றாக நடந்தால் ஒரு வருடம். எல்லாம் எப்போது நன்றாக நடந்திருக்கிறது?

ரகமும் முக்கியம். பாலக்கோட்டில் வயலில் நிற்பது பெரும்பாலும் கலப்பின ரகம். அதைத் திருத்தினால் அடுத்த தலைமுறை ஆளுக்கொரு சாயலில் வரும். எந்த மாற்றம் திருத்தத்தால், எது பெற்றோர் வழி என்று பிரித்துச் சொல்ல முடியாது. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 போன்ற தூய ரகமோ, தொட்டியில் அடங்கும் மைக்ரோ-டாம் குள்ள ரகமோ வேண்டும்.

தக்காளிக்குச் சொன்னது மற்றவற்றுக்கும் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். கேழ்வரகு நான்மடியச் செடி, அதாவது குரோமோசோம் தொகுதி நான்கு உள்ளது; மொத்தம் 36 குரோமோசோம். ஏறக்குறைய ஒவ்வொரு மரபணுவும் இரட்டைப் பிறவியாக இருக்கும். இரண்டுக்கும் பொருந்தும் ஒரு துண்டை வைத்து அடக்குவது, எல்லாப் பிரதிகளையும் தப்பாமல் திருத்துவதைவிடச் சுலபம். ஆனால் புல்லினத்துக்கு வேறு வைரஸ் தேட வேண்டும். கிருஷ்ணகிரி மாமரத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். திருத்திய கன்று காய்ப்பதற்குள் மாணவர் பேராசிரியராகிவிடுவார்.

பட்டுப்புழுவில்தான் என் பரிந்துரை தலைகீழாகிறது. தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போய்வந்த இன்னொரு மாணவன், புழுவுக்கு இரட்டை இழை ஆர்.என்.ஏ. ஊட்டி மரபணுவை அடக்கலாமா என்று கேட்டான். வண்டினங்களில் அது அருமையாக நடக்கும். அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி இனங்களிலோ குடலிலும் உடல்நீரிலும் உள்ள நொதிகள் ஆர்.என்.ஏ.வை அரைத்துத் தள்ளிவிடும். தப்பியதும் செல்லுக்குள் பைகளில் சிக்கிக்கொள்ளும். ஒரு தடவை நடக்கும், மறு தடவை நடக்காது. ஆனால் முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் ஊசி போட்டுத் திருத்தும் முறை பட்டுப்புழுவில் 2013-லேயே கைகூடிவிட்டது. தோலின் வெண்மைக்குக் காரணமான ஒரு மரபணுவைக் கெடுத்தார்கள். புழுவின் தோல் எண்ணெய்க் காகிதம்போல ஊடுருவித் தெரிந்தது. ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் போதும் என்பதால் காலமும் இடிக்காது. அங்கே நேராகத் திருத்தத்துக்குப் போய்விடலாம். குண்டூசித் தலையளவு முட்டையில் ஊசி போடும் கை வாய்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தக்காளிக்காரர் எதிர்பார்க்கும் பழம் வரை போவதாக இருந்தால் சட்டமும் கணக்கில் வரும். 2022 மார்ச்சில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளி மரபணு எதுவும் மிஞ்சாத சில வகைத் திருத்தச் செடிகளுக்கு மரபணு மாற்றுப் பயிர் விதிகள் சிலவற்றிலிருந்து விலக்கு அளித்தது. 2025 மே மாதம் அந்த வழியில் உருவான இரண்டு நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்டன. மரபணுவை நிரந்தரமாக அடக்கும் கட்டமைப்பைச் சுமக்கும் செடிக்கு அந்தச் சலுகை இல்லை. ஊசி போட்ட வைரஸ் செடியோ ஆய்வகத்தைத் தாண்டவே கூடாது.

கடைசியில் அவளுக்கு நான் சொன்ன வழி இதுதான். எட்டு மாதத்தில் வைரஸ் வழி அடக்கம், அதுவும் ஒரு மரபணுவோடு நிற்காமல், சந்தேகத்துக்குரிய வேறு மூன்றையும் சேர்த்து நான்கையும் வரிசையாக. 1994-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஃப்ளேவர் சேவர் தக்காளி பாலிகேலக்டியூரோனேஸ் என்ற ஒரே நொதியின் மேல் பந்தயம் கட்டியது. மரபணு நன்றாகவே அடங்கியது, பழம் இளகுவது அவ்வளவாகக் குறையவில்லை. 2016-இல் பெக்டேட் லையேஸ் என்ற வேறொரு நொதியை ஆர்.என்.ஏ. வழியில் அடக்கியபோதுதான் பழம் உறுதியாக நின்றது. பிறகு கிறிஸ்பரும் அதை உறுதிசெய்தது. ஒரே குதிரையில் எட்டு மாதத்தையும் கட்டாதே என்று அதனால்தான் சொன்னேன். நான்கில் எது விரலுக்கு அமுங்காமல் நிற்கிறதோ அதற்கு மட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ. வடிவமைத்து, திருத்தப் பணியைத் திசு வளர்ப்புக் கூடத்தில் பக்கவாட்டில் தொடங்கிவிட வேண்டும். அதன் பலனை அடுத்த மாணவர் எடுத்துக்கொள்வார். ஆய்வேட்டில் "இந்த மரபணு பழம் இளகுவதற்குக் காரணம்" என்று எழுதக் கூடாது. "அடக்கியபோது பழம் உறுதியாக இருந்தது" என்று எழுதினால் போதும் என்றேன். அவள் முகம் கொஞ்சம் சுண்டியது. கிறிஸ்பர் என்ற சொல் தலைப்பில் வராது என்பதில் வருத்தம்.

மார்கழி முதல் வாரம் விதைத்தாள். தை பிறந்து சில நாள் கழித்து அவளுடைய அப்பா ஊருக்கு அழைத்துப்போக வந்தவர், வளர்ப்பு அறைக் கண்ணாடி வழியாக பி.டி.எஸ். தொட்டியைப் பார்த்துவிட்டார். நுனி இலைகள் பால் வெள்ளையாக இருந்தன. "இவ்வளவு செலவு பண்ணி வளர்த்து, இப்படி நோய் பிடிக்க விட்டுவிட்டீர்களே வாத்தியாரே" என்று உச்சுக்கொட்டினார். மகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு பக்கத்துத் தொட்டிகளின் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்து, அந்த வெள்ளை இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளை ஈ இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்.